2,048 பைற்றுக்குள் ஒரு மழைமானி: சி மொழியில் நினைவகத்தைச் சுத்தம் செய்யத் தொடங்குவோருக்கு

மலையகத்தில் மின்னணுப் பலகைகளோடு பழகத் தொடங்கும் இளைஞர்கள் பலர் முதலில் செய்ய விரும்புவது மழைமானி. ஏன் என்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பேசாத தோட்டம் இல்லை. சரிவில் பெய்யும் மழையை இரவும் பகலும் எண்ணி, எல்லை தாண்டினால் நாலு பேருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவியைச் செய்வது நல்ல வேலை. அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்சரிவு எச்சரிக்கை விடுப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறுப்பு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 என்றால், வெளியேற்றம் என்ற அளவுகளை அது பயன்படுத்துகிறது. நாம் செய்யும் கருவி அந்த அறிவிப்புக்குப் பதிலாகாது. பக்கத்தில் நின்று எண்ணும் இன்னொரு கண், அவ்வளவுதான். சுவரில் வெடிப்பு, சரிந்து நிற்கும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று இவற்றைக் கண்டால் எந்தக் கருவிக்கும் காத்திருக்கக் கூடாது.

எடுத்துக்காட்டுக்கு நான் எடுப்பது ஆர்டுவினோ ஊனோ பலகையில் இருக்கும் அட்மெகா 328 சில்லு. நிரலுக்கு 32 கிலோபைற்று ஃப்ளாஷ், மாறிகளுக்கு 2,048 பைற்று ராம், மின் போனாலும் அழியாத ஈப்ரொம் 1,024 பைற்று. உயர்தரத்தில் பைதன் படித்து வந்தவர்களுக்கு இந்த எண்கள் நம்ப முடியாதவையாக இருக்கும். பைதனில் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போகலாம். தேவையில்லாததை மொழியே எடுத்துப்போடும். சியில் எடுத்துப்போட யாரும் வர மாட்டார்கள்.

மழை கூடினால் நினைவகம் கூடக் கூடாது

மானிக்குள் ஒரு சிறு வாளி இருக்கும்; குறித்த அளவு மழை நிரம்பியதும் அது கவிழும், நாம் எண்ணுவது அந்தக் கவிழ்வுகளை. புதிதாக எழுதுபவர் இயல்பாகச் செய்யும் வடிவம் இது: வாளி ஒரு தடவை கவிழ்ந்தால் மாலாக் மூலம் ஒரு சிறு துண்டு நினைவகம் வாங்கி, அதில் நேரத்தை எழுதி, முந்தைய துண்டோடு சங்கிலியாகக் கோர்ப்பது. 24 மணி நேரம் பழையதானவற்றை ஃப்ரீ செய்வது, அதாவது திருப்பிக் கொடுப்பது. படிக்கும்போது குறை தெரியாது. மேசையில் வைத்து விரலால் வாளியைத் தட்டினால் அழகாக வேலை செய்யும்.

இப்போது கணக்குப் போடுங்கள். நேரத்துக்கு 4 பைற்று, அடுத்த துண்டைக் காட்டும் சுட்டிக்கு 2 பைற்று, ஒவ்வொரு துண்டின் தலையிலும் மாலாக் தனக்காக எழுதிக்கொள்ளும் நீளக் குறிப்புக்கு 2 பைற்று. ஆக ஒரு கவிழ்வுக்கு 8 பைற்று. ராம் முழுவதையும் இதற்கே கொடுத்தாலும் 256 கவிழ்வுதான் கொள்ளும். பரவலாகக் கிடைக்கும் மானிகளில் ஒரு கவிழ்வு 0.2 மில்லிமீற்றர், உங்களுடையதன் அளவை அதன் விவரத்தாளில் பாருங்கள். 256 கவிழ்வு என்றால் 51.2 மில்லிமீற்றர். முதல் எல்லையான 75ஐத் தொடும் முன்பே கருவி நின்றுபோகும்.

வெயில் காலத்தில் மாதக்கணக்கில் ஓடும்; எல்லோரும் அதை நம்பிப் பழகுவார்கள்; வட்டவளைப் பக்கம் ஆனி ஆடியில் அடைமழை இறங்கும் இரவில், கருவி தேவைப்படும் அந்த ஒரு இரவில், மௌனமாகிவிடும். இந்த வேலையில் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கும் விதி இதிலிருந்து வருவது. வெளியே நடப்பது எதுவாக இருந்தாலும் நிரல் கேட்கும் நினைவகம் ஒரே அளவாக இருக்க வேண்டும். கீழே வரும் படிகளெல்லாம் அந்த விதியை நிறைவேற்றுவதற்கான வழிகள்.

முதல் படி: அளந்துவிட்டுத் தொடுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் இப்போது எவ்வளவு போகிறது என்று பாருங்கள். இந்தச் சில்லின் குடும்பமான ஏவிஆருக்குரிய கருவித்தொகுதியோடு வரும் சைஸ் கட்டளையை நிரல் கோப்பின் மீது ஓட்டினால் மூன்று எண்கள் வரும். டெக்ஸ்ட் என்பது ஃப்ளாஷில் உட்காரும் நிரல். டேட்டா என்பது தொடக்க மதிப்போடு வரும் மாறிகள். இவை ஃப்ளாஷிலும் இடம் எடுக்கும், ராமிலும் இடம் எடுக்கும். பிஎஸ்எஸ் என்பது சுழியத்தில் தொடங்கும் மாறிகள், ராமில் மட்டும். டேட்டாவையும் பிஎஸ்எஸ்ஸையும் கூட்டினால் நிரல் ஓடத் தொடங்குமுன்பே ராமில் போய்விட்ட இடம். 2,048இலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவதில்தான் ஸ்டாக்கும் (பங்ஷன்கள் ஓடும்போது அவற்றின் மாறிகள் இருக்கும் இடம்) ஹீப்பும் (மாலாக் துண்டு எடுத்துக் கொடுக்கும் இடம்) வாழ வேண்டும்.

இந்த எண்களை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மறுபடி எழுதுங்கள். குறைத்துவிட்டோம் என்று மனத்துக்குப் படுவதும் எண் சொல்வதும் பல தடவை ஒத்துப்போகாது.

இரண்டாம் படி: மடிக்கணினியில் ஓடும்படி பிரியுங்கள்

பலகையில் பிழை தேடுவது கடினம். திரை கிடையாது, பிழையைப் பிடிக்கும் காவல் நிரல் கிடையாது. அதனால் நிரலை இரண்டாகப் பிரியுங்கள். மழையைக் கூட்டுவது, எல்லையை ஒப்பிடுவது, செய்தியை அமைப்பது எல்லாம் ஒரு கோப்பில். சில்லின் இணைப்பு ஊசிகளைத் தொடுவது, குறுஞ்செய்தி அனுப்பும் மோடத்தோடு பேசுவது இன்னொரு கோப்பில். முதல் கோப்புக்குச் சில்லைப் பற்றி எதுவும் தெரியக் கூடாது. அப்போது அதே கோப்பை லினக்ஸ் மடிக்கணினியிலும் கம்பைல் செய்து சோதிக்கலாம்.

இங்கே ஒரு பொறி உண்டு. மடிக்கணினியில் இன்ட் 4 பைற்று. இந்தச் சில்லில் 2 பைற்றுத்தான். 300ஐ 300ஆல் பெருக்கினால் அங்கே 90,000 சரியாக வரும், இங்கே வராது. ஆகவே இன்ட் என்று எழுதுவதை விட்டு, யூஇன்ட்8, யூஇன்ட்16, யூஇன்ட்32 போன்று அகலம் சொல்லும் வகைகளையே எழுதப் பழகுங்கள். கம்பைலரின் எச்சரிக்கைகளை எல்லாம் திறந்து வைத்து, ஒன்றுகூட மிஞ்சாமல் தீர்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போங்கள்.

மூன்றாம் படி: யாருடையது என்று எழுதுங்கள்

மடிக்கணினிப் பக்கத்தில் மாலாக் தேவைப்படும் இடங்கள் வரும். பழைய மழைத் தரவுக் கோப்பைப் படித்துச் சோதிக்கும் நிரல் அப்படிப்பட்டது. அங்கே ஒழுங்காகப் பழகுங்கள். வாங்கிய ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஓர் உரிமையாளர் இருக்க வேண்டும். திருப்பிக் கொடுப்பது அவர் கடமை. தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் ஒரு தொழிலாளியின் பெயர் இரண்டு கங்காணிமாரின் கீழ் இருந்தால் சம்பள நாளில் என்ன குழப்பம் வருமோ அதுவே இரண்டு பங்ஷன்கள் ஒரே துண்டை ஃப்ரீ செய்தாலும் வரும். யார் கீழும் இல்லாவிட்டால் அது கசிவு. ஒவ்வொரு பங்ஷனின் தலைக்கு மேலும் ஒரு வரிக் குறிப்பு எழுதுங்கள்: “இது தரும் சுட்டியை அழைப்பவர் விடுவிக்க வேண்டும்” அல்லது “இது வாங்கும் சுட்டியைத் தானே வைத்துக்கொள்ளாது”.

கசிவு அதிகம் நடக்கும் இடம் பாதியில் திரும்பும் ரிட்டர்ன். கோப்பைத் திறந்தாயிற்று, இடம் வாங்கியாயிற்று, மூன்றாவது வரியில் தரவு பிழை என்று கண்டு ரிட்டர்ன் போட்டால் இடமும் போயிற்று, கோப்பும் மூடப்படவில்லை. இதற்கு, நேரே வேறொரு வரிக்குத் தாவும் கட்டளையான கோடூவைப் பயன்படுத்துங்கள். கோடூவே கூடாது என்று சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்கள் உண்டு. இந்த ஓர் இடத்தில் நான் அதை ஏற்கவில்லை. லினக்ஸ் கருநிரலே இப்படித்தான் எழுதப்படுகிறது. எல்லாச் சுட்டிகளையும் பங்ஷனின் தொடக்கத்தில் நல் (NULL, எதையும் காட்டாத சுட்டி) ஆக்குங்கள். பிழை எங்கே வந்தாலும் கடைசியில் இருக்கும் ஒரே வாசலுக்குக் கோடூ போடுங்கள். அந்த வாசலில் எல்லாவற்றையும் ஃப்ரீ செய்யுங்கள். நல் சுட்டியை ஃப்ரீ செய்வதால் எதுவும் ஆகாது என்று சி தரமே உறுதி தருகிறது. ஆகவே “இதை வாங்கினோமா” என்று கேட்கவே வேண்டாம். கோப்பை மூடும் எஃப்குளோசுக்கு அந்த உறுதி கிடையாது. கோப்புச் சுட்டி நல் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

வாங்கிய துண்டின் அளவை மாற்றும் ரியாலாக், கசிவு நடக்கும் இன்னொரு இடம். அதன் விடையை அதே சுட்டியில் நேராகப் போடாதீர்கள். இடம் கிடைக்காவிட்டால் அது நல் தரும். பழைய துண்டு அப்படியே இருக்கும். ஆனால் அதைக் காட்டிய ஒரே சுட்டியை நீங்கள் அழித்துவிட்டீர்கள். தனிச் சுட்டியில் வாங்கி, நல் இல்லை என்று பார்த்தபின் மாற்றுங்கள்.

இடம் வாங்கும்போது அளவை வகையின் பெயரால் சொல்லாமல், சுட்டி காட்டும் பொருளின் சைஸ்ஆஃப் மூலம் சொல்லுங்கள். நாளை வகை மாறினாலும் அந்த வரி தவறாகாது. பங்ஷனுக்குள் இருக்கும் மாறியின் முகவரியை வெளியே ரிட்டர்ன் செய்யாதீர்கள். பங்ஷன் முடிந்ததும் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

நான்காம் படி: காவலைப் போட்டு ஓட்டுங்கள்

இரண்டு காவல்கள் உண்டு, இரண்டும் இலவசம். ஒன்று அட்ரஸ் சானிடைசர். ஜிசிசி, கிளாங் என்ற இரு கம்பைலர்களிலும் உள்ளேயே இருக்கிறது. கம்பைல் செய்யும்போது ஒரு தெரிவைச் சேர்த்தால் போதும். அணியின் எல்லை தாண்டி எழுதுவது, ஃப்ரீ செய்த இடத்தைத் தொடுவது, இரண்டு தடவை ஃப்ரீ செய்வது எல்லாவற்றையும் நடக்கும் வரியிலேயே பிடித்து நிறுத்தும். நிரல் ஏறத்தாழ இரண்டு மடங்கு மெதுவாகும், பொறுத்துக்கொள்ளலாம்.

மற்றது வால்கிரைண்ட். மறுபடி கம்பைல் செய்யாமலே ஓட்டலாம். ஆனால் பத்து மடங்கு, இருபது மடங்கு மெதுவாக ஓடும். தொடக்க மதிப்புக் கொடுக்காத மாறியை வைத்து முடிவெடுக்கும் இடங்களைக் காட்டிக்கொடுப்பதில் அது கெட்டி. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே நிரலின் மீது போடாதீர்கள், சேர்ந்து வேலை செய்யாது.

வால்கிரைண்டின் கசிவு அறிக்கையில் “டெஃபினிட்லி லாஸ்ட்” என்று வருவதை முதலில் தீருங்கள். அந்தத் துண்டைக் காட்டும் சுட்டி எங்குமே இல்லை என்பது அதன் பொருள். அதைத் தீர்த்தால் “இன்டிரெக்ட்லி லாஸ்ட்” பெரும்பாலும் தானாக மறையும். “ஸ்டில் ரீச்சபிள்” கண்டு பயப்பட வேண்டாம். நிரல் முடியும் நேரத்தில் கையில் இருந்தவை அவை.

ஐந்தாம் படி: சில்லிலிருந்து ஹீப்பை எடுத்துவிடுங்கள்

மடிக்கணினியில் மாலாக் கசியாமல் இருந்தாலும் இந்தச் சில்லில் அதை நான் வைப்பதில்லை. கசிவே இல்லாவிட்டாலும் துண்டாடல் நடக்கும். வெவ்வேறு அளவுத் துண்டுகளை வாங்கி விட்டு வாங்கி விட்டுப் போனால், மொத்தம் 300 பைற்று வெறுமையாக இருந்தும் தொடர்ச்சியாக 100 பைற்று கிடைக்காத நிலை வரும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாத ஒன்றை மண்சரிவுப் பகுதியில் பூட்டி வைக்கக் கூடாது.

சங்கிலிக்குப் பதில் வட்ட அணி ஒன்றை, அதாவது கடைசிக் கட்டம் முடிந்ததும் முதல் கட்டத்துக்கே திரும்பும் வரிசையை, வையுங்கள். கவிழ்ந்த நேரம் ஒவ்வொன்றும் நமக்குத் தேவையில்லை. பத்து நிமிடத்துக்கு எத்தனை கவிழ்வு என்பது போதும். ஒரு நாளில் 144 பத்து நிமிடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பைற்று. 254 வரை எண்ணுவோம், அதற்கு மேல் போனால் 254இலேயே நிறுத்துவோம். (255ஐ ஏன் விட்டு வைக்கிறேன் என்று ஈப்ரொம் பகுதியில் தெரியும்.) 254 கவிழ்வு பத்து நிமிடத்தில் 50.8 மில்லிமீற்றர். ஒரு மணி நேரத்துக்கு 75 என்ற வெளியேற்ற அளவுகூடப் பத்து நிமிடத்துக்கு 12.5தான். இடம் தாராளம். ஆக மொத்தம் 144 பைற்று. தூறினாலும் கொட்டினாலும் அதே 144.

நாள் மொத்தத்தை ஒவ்வொரு தடவையும் 144 கட்டங்களையும் கூட்டிப் பார்க்க வேண்டாம். ஒரு யூஇன்ட்16 மாறியில் மொத்தத்தை வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, எழுதப்போகும் கட்டத்தின் பழைய எண்ணைக் கழித்து, புதிய எண்ணைக் கூட்டி, கட்டத்தில் எழுதி, சுட்டெண்ணை ஒன்று நகர்த்துங்கள். 144ஐத் தொட்டால் சுழியம். 144 கட்டமும் நிரம்பி வழிந்தாலும் மொத்தம் 36,576. யூஇன்ட்16 தாங்கும் 65,535க்கு உள்ளேதான்.

தசம எண்ணும் தேவையில்லை. 75 மில்லிமீற்றர் என்றால் 375 கவிழ்வு, 100 என்றால் 500, 150 என்றால் 750. கவிழ்வுகளிலேயே ஒப்பிடுங்கள். மனிதருக்குக் காட்டும்போது மட்டும் 5ஆல் வகுத்து, ஈவை மில்லிமீற்றராகவும் மீதியை இரட்டித்துத் தசமமாகவும் அச்சிடுங்கள்: 376 என்றால் 75.2. தசம எண் வகையான ஃபுளோட்டை அச்சிடும் பகுதியை ஏவிஆர் நூலகம் வழக்கமாகச் சேர்ப்பதும் இல்லை. எண் வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறிதான் வரும்.

கவிழ்வை எண்ணும் மாறி இன்டரப்ட் உள்ளே (வாளி கவிழ்ந்ததும் ஓடும் நிரலை இடைமறித்து ஓடும் பகுதி) மாறுவதால், அதை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் படிக்கும்படி வொலட்டைல் என்று குறியுங்கள். அதைப் படித்துச் சுழியமாக்கும் அந்த இரண்டு வரிகளின்போது இன்டரப்டை நிறுத்தி வையுங்கள்; இல்லாவிட்டால் இடையில் விழும் கவிழ்வு காணாமல் போகும்.

ஆறாம் படி: தமிழ்ச் செய்தியைச் சுருக்குவது

சி நிரலில் மேற்கோளுக்குள் எழுதும் ஒவ்வொரு சரமும், நீங்கள் வேறு சொல்லாவிட்டால், இந்தச் சில்லில் தொடக்கத்திலேயே ராமுக்கு நகலெடுக்கப்படும். பிழைச் செய்திகள், மோடத்துக்கான கட்டளைகள் எல்லாம் சேர்ந்தால் சில நூறு பைற்று சத்தமில்லாமல் போய்விடும். சைஸ் கட்டளையின் டேட்டா எண் எதிர்பாராமல் பெரிதாக இருந்தால் முதலில் இங்கே பாருங்கள். ப்ரோக்மெம் என்ற குறியீட்டைப் போட்டுச் சரத்தை ஃப்ளாஷிலேயே விட்டுவிட்டு, தேவைப்படும்போது எழுத்தெழுத்தாகப் படித்து அனுப்பலாம்.

எச்சரிக்கை தமிழில் போக வேண்டும். லயத்தில் இருக்கும் அம்மா அப்பாவுக்குப் புரிய வேண்டும். தமிழ்க் குறுஞ்செய்தி யூசிஎஸ்2 முறையில் போகும். ஒரு செய்தியில் 70 குறிகள், ஆங்கிலத்துக்குக் கிடைக்கும் 160 இல்லை. மெய், உயிர்மெய் எழுத்துகளில் பலவும் இரண்டு குறிகள்: “வு” என்றால் வகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று. “மண்சரிவு அபாயம்” என்பது இடைவெளியோடு 15 குறி. யூடிஎஃப்-8இல் சேமித்தால் 43 பைற்று. மோடத்துக்கோ பதினறும எழுத்துகளாக, ஒரு குறிக்கு நான்கு வீதம், 60 எழுத்து அனுப்ப வேண்டும்.

இதில் நமக்கு வசதியான ஒன்று இருக்கிறது. யுனிகோடில் தமிழின் இடம் 2944 முதல் 3071 வரை. இரண்டு பைற்றாகப் பிரித்தால் உயர் பைற்று எப்போதும் 11; தாழ் பைற்று 128 முதல் 255 வரை. இடைவெளி, இலக்கம், ஆங்கில எழுத்து எல்லாம் 0 முதல் 127 வரை. இரண்டும் மோதவே இல்லை! ஆகவே ஒரு குறிக்கு ஒரே பைற்று சேமித்தால் போதும். அனுப்பும்போது பைற்று 128க்குக் குறைவு என்றால் உயர் பைற்றாகச் சுழியம், இல்லாவிட்டால் 11. அந்த 43 பைற்று 15 ஆகிறது; அதுவும் ஃப்ளாஷில். ஒவ்வொரு குறியையும் அனுப்பும் கணத்திலேயே பதினறுமமாக்கி நேராக மோடத்துக்குத் தள்ளினால், செய்தி எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதைத் தற்காலிகமாக வைக்க ராமில் தாங்கல் அணி எதுவும் வேண்டாம்.

மோடத்திடமிருந்து வரும் பதிலுக்கு 64 பைற்றில் ஓர் அணி போதும். வரி வரியாகப் படியுங்கள்; 63 எழுத்துக்கு மேல் வருவதைக் கொட்டிவிடுங்கள்; கடைசி இடம் சரத்தை முடிக்கும் சுழியத்துக்கு. சரத்தை அமைக்க, அளவு பாராமல் எழுதும் ஸ்பிரின்டெஃப் வேண்டாம், அளவு கேட்கும் எஸ்என்பிரின்டெஃப் மட்டும்.

ஏழாம் படி: ஸ்டாக் எவ்வளவு இறங்குகிறது

ஹீப் இல்லை என்றானபின் மிஞ்சிய ராம் முழுவதும் ஸ்டாக்குக்கு. அது மேல் முனையிலிருந்து கீழே இறங்கி வரும். மாறிகள் இருக்கும் இடத்தைத் தொட்டால் இந்தச் சில்லில் எந்த எச்சரிக்கையும் வராது. மழை மொத்தத்தின் மீது வேறேதோ எழுதப்பட்டிருக்கும், நிரல் ஓடிக்கொண்டே இருக்கும்.

அளக்கும் வழி எளிது. நிரல் தொடங்கியதும், மாறிகள் முடியும் இடத்திலிருந்து ஸ்டாக் இப்போது நிற்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை எல்லாப் பைற்றிலும் 170 என்று நிரப்புங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, மாறிகளின் பக்கத்திலிருந்து மேலே எண்ணிக்கொண்டு போய், எத்தனை 170 கலையாமல் இருக்கிறது என்று பார்த்து அனுப்புங்கள். ஸ்டாக் இதுவரை தொடாத இடம் அது. செய்தி அனுப்பும் நேரத்தில் இன்டரப்டும் வந்தால்தான் ஸ்டாக் ஆழமாக இறங்கும். அந்த நிலையை உண்டாக்கி அளந்து பாருங்கள். பங்ஷனுக்குள் பெரிய அணிகள் வேண்டாம், தன்னைத் தானே அழைக்கும் பங்ஷன் அறவே வேண்டாம்.

பல மாறிகளை ஒன்றாகக் கட்டும் ஸ்ட்ரக்ட் பற்றிச் சுருக்கமாக: இந்த 8 பிற் சில்லில் உறுப்புகளுக்கிடையே கம்பைலர் வெறுமையாக விடும் நிரப்பிடம் கிடையாது. ஆனால் இதே நிரலை நாளை 32 பிற் சில்லுக்குக் கொண்டுபோனால் உண்டு. 1, 4, 1, 2 பைற்று என்ற ஒழுங்கில் எழுதிய ஸ்ட்ரக்ட் அங்கே 12 பைற்று பிடிக்கும். பெரியதை முதலில் வைத்து 4, 2, 1, 1 என்று மாற்றினால் 8.

எட்டாம் படி: ஈப்ரொமைத் தேய்க்காமல் எழுதுவது

மின்கலம் மாற்றும்போது நாள் மொத்தம் அழிந்துவிடக் கூடாது என்று 144 கட்டங்களையும் ஈப்ரொமில் வைப்பது நல்லது. இந்த ஈப்ரொமின் ஒவ்வோர் இடமும் 1,00,000 தடவை எழுதத் தாங்கும் என்று தயாரிப்பாளர் உறுதி தருகிறார். கட்டங்களுக்கு அது ஏராளம். ஆனால் “இப்போது எந்தக் கட்டம்” என்ற சுட்டெண்ணை ஒரே இடத்தில் எழுதிக்கொண்டிருந்தால் நாளுக்கு 144 தடவை. 694 நாளில் அந்த உறுதி முடிந்துவிடும். இரண்டு வருடம்கூட இல்லை.

சுட்டெண்ணை எழுதவே வேண்டாம். 255 என்பதை “இங்கே நிற்கிறோம்” என்ற அடையாளமாக வையுங்கள். முதலில் அடுத்த கட்டத்தில் 255, அதன் பிறகு இந்தக் கட்டத்தில் எண்ணிக்கை. ஒவ்வோர் இடமும் நாளுக்கு இரண்டு தடவை மட்டுமே எழுதப்படும். இடையில் மின் போனாலும் அடுத்தடுத்து இரண்டு 255 இருக்கும், ஒரு கட்டம் மட்டும் இழப்பு. தொடங்கும்போது 255ஐத் தேடிக் கண்டுபிடித்து, மற்றவற்றைக் கூட்டி மொத்தத்தை மீட்டெடுங்கள். புதுச் சில்லில் எல்லா இடமும் 255 ஆகவே இருக்கும். இரண்டுக்கு மேல் கண்டால் எல்லாவற்றையும் சுழியமாக்கி, ஒரு கட்டத்தில் மட்டும் 255 வைத்துத் தொடங்குங்கள். எவ்வளவு நேரம் மின் இல்லை என்று அறியத் தனி நேரச் சில்லு வேண்டும். அது இருந்தால், கடந்துபோன கட்டங்களில் சுழியம் எழுதலாம்.

மலைக்குக் கொண்டுபோகும் முன்

மடிக்கணினியில் அட்ரஸ் சானிடைசரோடு செயற்கை மழையைக் கொடுங்கள்: ஒரு முழு வருடத்தின் பத்து நிமிடங்கள் 52,560. சில நொடியில் முடிந்துவிடும். அதில் மூன்று விதம் கட்டாயம் இருக்கட்டும். ஒரு சொட்டும் இல்லாத மாதம். ஒவ்வொரு கட்டமும் 254 ஆக நிரம்பும் நாள். 374 கவிழ்வில் நின்று 375ஐத் தொடும் நாள். மூன்றாவது நாளில் விழிப்புச் செய்தி ஒரே ஒரு தடவை போக வேண்டும்.

பிறகு பலகையில் ஏற்றி, வாளிக்குள் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, மோடத்தை வேண்டுமென்றே சிக்னல் இல்லாத இடத்தில் வைத்துச் சில நாள் ஓட்டுங்கள். மலை மடிப்புகளில் சிக்னல் இல்லாத நேரம் வந்தே தீரும். பதில் வராத மோடத்துக்காக நிரல் காத்து நிற்கும்போதும் கவிழ்வுகள் எண்ணப்பட வேண்டும். அந்த நாட்களில் கொப்பியில் எழுத வேண்டியவை இரண்டு எண்கள்: கலையாத 170களின் எண்ணிக்கை, நாள் மொத்தம். முதல் எண் ஒருதடவை இறங்கி அங்கேயே நின்றால் சரி. நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனால் பலகையைக் கழற்றி மேசைக்குக் கொண்டு வாருங்கள். எந்தப் பங்ஷனைச் சேர்த்த பிறகு இறங்கத் தொடங்கியது என்பது கொப்பியின் திகதியில் இருக்கும்.